கிறுக்கிக்கு ஒரு வேலி

கிறுக்கி என்று பெயர் வைத்தது அண்ணன்தான். எட்டு வருஷம் ஒரு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு அதைத் திட்டிப் பெயர் வைக்கக்கூட உரிமை இல்லையா என்ன? பட்டறையின் பின்முற்றத்தில் நின்ற அந்த ராட்டினமும் பெயருக்கு ஏற்றபடிதான் நடந்துகொண்டது. எட்டுத் துண்டுகளாகக் கீல் போட்டு இணைத்த பெரிய வட்டத் தட்டு. தட்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு துண்டும் அடியில் உள்ள தண்டவாளத்தின் மூன்று மேடுகளில் ஏறி இறங்கும். துண்டுக்கு ஒரு கூடை. கூடைக்கு மோட்டார் கிடையாது. அது தன் அச்சில் எந்தப் பக்கமும் இஷ்டம்போல் சுழலும். மேடும் பள்ளமும் தள்ளுகிற தள்ளில் வலப்பக்கம் இரண்டு சுற்று சுற்றும், அடுத்த மேட்டில் தயங்கி நிற்கும், அப்புறம் என்ன நினைத்துக்கொள்ளுமோ, இடப்பக்கம் திரும்பிப் பறக்கும். ஒரே கூடையில் ஒரே ஆள் இரண்டு முறை உட்கார்ந்தாலும் இரண்டு ஆட்டமும் ஒன்றுபோல் இருக்காது. புறப்படும்போது கூடை மயிரிழை தள்ளி நின்றிருந்தால் போதும், அரை நிமிஷத்தில் எல்லாம் வேறாகிவிடும். கணக்குக்காரர்கள் இதற்குக் கேயாஸ் என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அது கிறுக்கிதான்.

கணக்குக்காரர்களில் ஒருத்தி அவன் வீட்டிலேயே இருந்தாள். தங்கை. அவனைவிட ஒன்பது வயது இளையவள், கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருபவள், நாற்பத்தாறு வயதிலும் அண்ணனுக்கு 'வில்லங்கம்'. எதைக் காட்டினாலும் அதில் என்ன கெடும் என்று முதலில் கேட்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள்கூட அவள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அது அவளுக்கும் தெரியும். கல்லூரி விடுமுறை விட்டால் அவள் பட்டறை மாடியில் இருந்த சின்ன அறைக்கு வந்துவிடுவாள். அங்கே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அண்ணன் இரும்பில் செய்வதை அவள் எண்ணில் செய்து பார்ப்பாள்.

கிறுக்கியின் திறப்பு விழாவுக்கு இருபத்தெட்டு நாள் இருக்கும்போது பாதுகாப்புப் பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. ஒரு சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அண்ணன் பின்னாலேயே நடந்தான். ஏதாவது குறை சொல்லிவிடுவாரோ என்று பார்த்தால், அவர் சொல்லவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூடையில் உட்கார்ந்தவரின் தலைக்குப் பக்கவாட்டில் அதிகபட்சம் எத்தனை மடங்கு இழுப்பு வரும்? தலையின் எடையைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. தாண்டினால் குழந்தைகளின் கழுத்து தாங்காது.

அண்ணன் இதற்குத் தயாராகத்தான் இருந்தான். கம்ப்யூட்டரில் ஒரு லட்சம் தடவை கிறுக்கியை ஓட்டிப் பார்த்திருந்தான், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்திலிருந்து. வந்ததிலேயே பெரிய எண் இரண்டு புள்ளி ஒன்று. பெருமையாகச் சொன்னான்.

பரிசோதகர் தலையாட்டினார். "லட்சம் தடவை வரலங்கறது சரி. வரவே முடியாதுன்னு எழுதி, கணக்குப் போட்டவங்க கையெழுத்து போட்டுக் குடுங்க. அது போதும் எனக்கு."

அவர் போனதும் அண்ணன் சிரித்தான். ஒரு வரி எழுதி ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே என்றான். கையெழுத்துப் போட வேண்டியவள் சிரிக்கவில்லை. சாதாரண ஊஞ்சலுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிடலாம். கிறுக்கி எங்கே போவாள் என்று யாருக்குமே தெரியாதே. லட்சம் தடவை போகாத இடத்துக்கு லட்சத்து ஒன்றாவது தடவை போகமாட்டாள் என்று எதை நம்பி எழுதுவது? பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றாள். இன்னும் என்ன இருக்கு பார்க்க என்று அண்ணன் கேட்டான். பார்த்தால்தான் தெரியும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். விழாவுக்கு ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது என்று அண்ணி ஞாபகப்படுத்தினாள். அதற்கும் அவள் அசைந்து கொடுக்கவில்லை.

அவள் பிடித்த வழி வேறு. ஓட்டிப் பார்ப்பதை அவள் ஓரங்கட்டினாள். எத்தனை தடவை ஓட்டினாலும், ஓட்டியது ஓட்டியதுதான். ஓட்டாதது பாக்கி நிற்கும். கிறுக்கி எங்கே போவாள் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எங்கே போகவே முடியாது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டாள். ஒரு கூடையின் நிலையைச் சொல்ல மூன்று எண்கள் போதும்: அது எந்தத் திசை பார்க்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எந்த மேட்டில் இருக்கிறது. இந்த மூன்று எண்களின் உலகத்துக்குள் ஒரு வேலி போட வேண்டும். வேலியின் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் இயக்கம் உள்நோக்கித்தான் தள்ள வேண்டும், ஒரு இடத்தில்கூட வெளியே தள்ளக்கூடாது. அப்படி ஒரு வேலி கிடைத்துவிட்டால், உள்ளே கிறுக்கி எப்படிக் கிறுக்குப் பிடித்து ஆடினாலும் கவலையில்லை, வெளியே வரமாட்டாள். வேலிக்குள் வரக்கூடிய மிகப்பெரிய இழுப்பு எதுவோ, அதுதான் பரிசோதகருக்குச் சொல்ல வேண்டிய எண்.

வேலியைக் கையால் போட முடியாது. நூற்றுக்கணக்கான கெழுக்களின், அதாவது பெருக்கும் எண்களின், இடத்தைக் காலியாக விட்டு ஒரு நீளமான கோவையை எழுதினாள். அந்தக் கெழுக்களை நிரப்பி, எங்கும் ஓட்டை இல்லாமல், முடிந்த மட்டும் இறுக்கமான வேலியாகக் கொண்டுவா என்று கம்ப்யூட்டரிடம் விட்டாள். புத்தகத்தில் இதற்கு உகப்பாக்கம் என்று பெயர். இருப்பதில் சிறந்ததைத் தேடிப் பிடிப்பது, அவ்வளவுதான். பட்டறையில் இதற்கு, மாடியில் வில்லங்கம் பார்க்கிறார்கள் என்று பெயர்.

முதல் வேலி சொன்ன எண் ஒன்பது புள்ளி நான்கு. டீ குடிக்க வந்த அண்ணன் பார்த்துவிட்டு, "ஒன்பதா? தலை தனியா பறந்து அடுத்த தெருவுல போய் விழும்," என்றான். வேலி தொளதொளவென்று இருக்கிறது என்றாள் அவள். கெழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினாள். ஐந்து புள்ளி இரண்டு ஆனது. இன்னும் கூட்டினாள். மூன்று புள்ளி ஆறு. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்ப்யூட்டர் அரை நாள் எடுத்துக்கொண்டது. நடுநடுவே பிழை என்று சொல்லி நின்றது. எங்கே பிழை என்று சொல்லாமல் நின்றது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். ஒரு இடத்தில் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது, அதைத் தேட இரண்டு நாள் போனது. இரண்டு நாளும் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

பதினொன்றாம் நாள் வேலி இரண்டு புள்ளி எட்டு ஏழுக்கு வந்தது. கெழுக்களைக் கூட்டினாள், இரண்டு புள்ளி எட்டு ஏழு. மறுபடி கூட்டினாள். மறுபடியும் அதே எண். தொளதொள வேலி கெழுக்கள் கூடக்கூட இறுகிக்கொண்டே வரும். இறுக மறுக்கிறது என்றால் அந்தப் பக்கம் ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். வேலி எந்த இடத்தில் கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கிறது என்று பார்த்தாள். மூன்றாவது மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னால், கூடை வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு சின்னப் பொட்டு. அந்த இடத்தில் கூடையை வைத்து, அங்கே வருவதற்கு எங்கிருந்து புறப்பட வேண்டும் என்று பின்னோக்கித் தேடச் சொன்னாள். ஒரு பாதை கிடைத்தது. மூன்று மேட்டிலும் சரியான நேரத்தில் சரியான தள்ளை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு வந்த பாதை. அதில் தலைக்கு வரும் இழுப்பு இரண்டு புள்ளி எட்டு ஆறு.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் திரையில் அந்தப் பாதையை விரலால் மேடு மேடாகத் தொடர்ந்து பார்த்தான். ஆள் ஒன்றும் முட்டாள் இல்லை. இந்தப் பாதையில் போக, புறப்படும்போது கூடை எவ்வளவு துல்லியமாக நிற்க வேண்டும் என்று கேட்டான். அவள் சொன்னாள்: ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

"ஒரு ஈ வந்து உக்காந்தாலே கெட்டுப்போயிடும். கோடில ஒரு தடவை கூட வராது. இதுக்கா பதினோரு நாளா என் தலைல உக்காந்திருக்கே?"

அவன் சொன்னது சரி. அந்தப் பாதை விரல் நுனியில் நிறுத்திய குச்சி போன்றது; தானாக நிற்காது, ஒரு சுற்றுக்குள் சரிந்து வேறெங்கோ போய்விடும். அதனால்தான் லட்சம் ஓட்டத்தில் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு நாள் அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அண்ணன் ஒரு காகிதத்தில், இரண்டரையைத் தாண்டுவதற்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை என்று தட்டச்சுச் செய்து கொண்டுவந்து, மேலே பேனாவை வைத்துவிட்டுப் போனான். பொய் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை. எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்து உழைத்தவன். அவனுக்கு இந்த ஒரு கையெழுத்தைப் போடாமல் இருப்பது அவளுக்கு மட்டும் இனிப்பாகவா இருந்தது? பேனாவைத் திறந்தாள்.

மணி நான்கு. முற்றத்தில் கிறுக்கி புறப்படும் சத்தம் கேட்டது. வேலை முடிந்ததும் அண்ணன் ஒரு தடவை தானே உட்கார்ந்து சுற்றுவது வழக்கம். அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள்; அதனாலேயே பார்க்காமல் இருந்திருப்பாள். அன்று மையைச் சரிபார்க்கக் காகிதத்தின் ஓரத்தில் கிறுக்கியவள், ஜன்னல் பக்கம் கண்ணை ஓட்டினாள். மேலிருந்து பார்த்தால் அவனுடைய வழுக்கைத் தலையும் அகலமான தோளும் நன்றாகத் தெரிந்தன. கூடை மேட்டில் ஏறும்போது அந்தத் தோள் இடப்பக்கம் சாய்ந்தது. இறங்கும்போது வலப்பக்கம். அடுத்த மேட்டில் மறுபடி இடப்பக்கம். ஐம்பத்தைந்து வயது மனிதன், வாயெல்லாம் பல்லாக, கிறுக்கியை உசுப்பேற்றிக்கொண்டிருந்தான்.

அவள் பேனாவை மூடினாள்.

லட்சம் ஓட்டத்திலும் சரி, அவள் போட்ட வேலியிலும் சரி, கூடைக்குள் உட்கார்ந்திருந்தது மனிதர் இல்லை. நாற்பது கிலோ மூட்டை. வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும் மணல் மூட்டை. அண்ணனும் தங்கையும் இத்தனை வருஷம் பல்லை உடைக்கும் சமன்பாடெல்லாம் எழுதிவிட்டு, ராட்டினத்தில் ஏறுகிறவர் ஏன் ஏறுகிறார் என்பதை எழுத மறந்திருந்தார்கள். தானாக நிற்காத குச்சியை உள்ளங்கையை அசைத்து அசைத்து எந்தக் குழந்தையும் நிறுத்திவிடும். அவளுக்கு அவமானமாக இருந்தது. கூடவே ஒரு வெறியும் வந்தது.

கூடையில் ஒருவர் இருந்தாலும் மூவர் இருந்தாலும், ஒரு சாண் அளவுக்கு எந்தப் பக்கமும், எப்போது வேண்டுமானாலும் சாயலாம் என்று கணக்கை மாற்றினாள். எப்படிச் சாய்ந்தால் இழுப்பு அதிகமாகும் என்று தேடச் சொன்னாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஒரே காலையில் பதில் சொன்னது. கூடை எங்கிருந்து புறப்பட்டாலும் சரி, எண்பது வினாடிக்குள் அந்தப் பாதையைப் பிடித்துவிடலாம். பிடித்தால் விடாமல் அதிலேயே இருக்கலாம். இரண்டு புள்ளி ஒன்பது நான்கு.

அண்ணனுக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். விழாவுக்குப் பதிமூன்று நாள் இருந்தது. மூட்டை என்றாய், மயிரிழை என்றாய், இப்போது சாய்கிறார்கள் என்கிறாயே என்று கத்தினான். வினாடி பார்த்துக் கணக்குப் போட்டுச் சாய எந்தக் குழந்தைக்குத் தெரியும் என்று கேட்டான்.

"கணக்கு வேண்டாம்ணா. ஆசை போதும். நீ என்ன கணக்கா போட்ட?"

"எனக்கு ரெண்டரை வந்ததே இல்லையே. அப்ப நீயே உக்காந்து காமி."

வாய் தவறி வந்த சொல். ஆனால் வில்லங்கத்திடம் அப்படிச் சொன்னால் திரும்ப வாங்க முடியாது. சரி என்று இறங்கிப் போனாள்.

மூன்று நாள் பயிற்சி நடந்தது. சமையலறையில் சுழலும் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் அவள் உட்கார, கம்ப்யூட்டர் தந்த சாயும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி, "இடது... நேரா... வலது... அட வலதுன்னேன்," என்று வாத்தியார் வேலை பார்த்தாள். இதுக்குத்தான் இவ்வளவு படிச்சியா என்று ஒரு தடவை கேட்டும் விட்டாள். இருவரும் சிரித்துச் சிரித்து அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. சிரிப்பு நின்றதும் அண்ணி பட்டியலை மடித்து வைத்துவிட்டு, உனக்குப் பயமா இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கு என்று அவள் சொன்னாள். அப்புறம் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தலையில் இழுப்பை அளக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் கூடையில் ஏறியபோது பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. இயக்கும் கம்பியைப் பிடித்தவன் அண்ணன். முதல் சுற்றில் ஒன்று புள்ளி ஒன்பதுதான் வந்தது. அவள் சாய்ந்ததெல்லாம் அரை வினாடி தாமதம். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவது சுற்று முடிந்து இறங்கியதும் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். அண்ணன் போதும் என்றான். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப ஏறினாள். நான்கு, ஐந்து, இரண்டு புள்ளி இரண்டைத் தாண்டவில்லை. வெல்டிங்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். ஆறாவது சுற்றில் அவளுக்கு ஒன்று புரிந்தது: பட்டியலை மனசில் ஒப்பித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் தாமதம் தீராது. ஏழாவதில் அவள் பட்டியலை விட்டுவிட்டாள். கூடை எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கம் அதற்குக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். ஒரு மேடு, இரண்டு மேடு, மூன்றாவது மேட்டில் கூடை தயங்கவே இல்லை. தட்டின் அடுத்த சுற்றிலும் தயங்கவில்லை. முற்றம், சுவர், முகங்கள் எல்லாம் ஒரே கோடாக நீண்டன. பிடித்துவிட்டோம் என்று தெரிந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த மேட்டின் உச்சியில் அவளுடைய தலை யாரோ பிடுங்கியதுபோல் பக்கவாட்டில் போனது.

அண்ணன் கம்பியை இழுத்து நிறுத்திவிட்டு, தட்டு முழுதாக நிற்கும் முன்பே ஏறி ஓடிவந்தான். அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. எவ்வளவு என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் பட்டையைப் பார்க்காமல் அவள் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டையின் எண்ணைக் காட்டும் கருவியைக் கீழேயிருந்து யாரோ படித்துச் சொன்னார்கள்: இரண்டு புள்ளி ஏழு.

டாக்டர் தசைப் பிடிப்புதான் என்று சொல்லி இரண்டு வாரத்துக்குக் கழுத்துப் பட்டை போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அண்ணன் மாடி ஏறி வந்து, தட்டச்சுச் செய்த அந்தக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். பெரியவர்களுக்கே இப்படி என்றால் என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அவள் மேல் இருந்த கோபம் போய், தன் மேல் வந்திருந்தது. அதைத் தணிக்க அவளுக்கு வழி தெரியவில்லை. பத்து நாள் இருக்கு, உக்காரு என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தட்டின் வேகத்தைக் குறைத்துவிடலாம் என்றான் அவன். குறைத்தால் கிறுக்கி தூங்குமூஞ்சி ஆகிவிடுவாள் என்று அவள் சொன்னாள். எட்டு வருஷம் உழைத்தது ஒரு தூங்குமூஞ்சிக்காகவா? வேறு விதமாகக் கேட்போம் என்றாள். ராட்டினத்தில் மாற்றக்கூடிய அளவுகள் ஒன்பது. அவற்றை முடிந்த மட்டும் குறைவாக மாற்ற வேண்டும். ஆள் எப்படிச் சாய்ந்தாலும் வேலி இரண்டரைக்குள் நிற்க வேண்டும். கிறுக்கியின் கிறுக்குத்தனம் ஒரு துளிகூடக் குறையக்கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரிடம் கேட்டார்கள். கழுத்தைத் திருப்ப முடியாதவள் உடம்போடு திரும்பித் திரும்பி வேலை செய்தாள். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, இது இரும்பில் வரும், இது வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நாளில் பதில் வந்தது. கூடையின் அச்சை ஒரு கட்டைவிரல் அளவு உள்ளே நகர்த்த வேண்டும். மூன்றாவது மேட்டை நான்கு விரல் தாழ்த்த வேண்டும்.

மூன்றாவது மேடு அவனுடைய செல்லப் பிள்ளை. மற்ற இரண்டையும்விட அதை உயர்த்திப் போட்டது அவன் சொந்த யோசனை. பார்க்க வருகிற எல்லோரிடமும் அதைத்தான் முதலில் காட்டுவான். மறுநாள் காலை யாரையும் தொடவிடாமல் தானே முகமூடி போட்டுக்கொண்டு தண்டவாளத்தை வெட்டினான்.

புது வேலி சொன்ன எண் இரண்டு புள்ளி நான்கு ஒன்று. கம்ப்யூட்டர் ஆளை எப்படியெல்லாமோ சாய்த்துத் தேடியும் எட்டிய உச்சம் இரண்டு புள்ளி மூன்று ஒன்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. பரிசோதகர் அவள் எழுதிய அறுபது பக்கக் கணக்கையும் வாங்கிப்போய் மூன்று நாள் வைத்துப் படித்துவிட்டு வந்தார். ஆள் சாய்வதும் இதில் சேர்த்தியா என்று மட்டும் கேட்டார். சேர்த்திதான் என்று அவள் சொன்னாள். வரவே முடியாது என்ற வரியின் கீழ் அவள் கையெழுத்துப் போட்டாள், அவளுக்குக் கீழே அவர் போட்டார்.

விழா நாளன்று காலை பத்து மணிக்குக் கிறுக்கி ஓடத் தொடங்கியது. எட்டுக் கூடைக்கும் இழுப்பை அளக்கும் கருவி வைத்து, இயக்கும் கம்பிக்குப் பக்கத்தில் எட்டு எண்களும் தெரிகிறமாதிரி ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அண்ணன் வேறு யாரிடமும் கம்பியைத் தரவில்லை. தங்கை பக்கத்தில் நின்றாள். முதல் சுற்றுகளில் ஒன்று புள்ளி ஏழு, ஒன்று புள்ளி எட்டு என்று எண்கள் சாதுவாக வந்துபோயின. ஜனங்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், தள்ளாடி இறங்கினார்கள். சாய்கிறவர் யாரும் இல்லை. அண்ணன் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். பாத்தியா, வீணாக என் மேட்டை வெட்டவைத்தாயே என்று அதற்கு அர்த்தம்.

ஐந்தாம் எண் கூடையில் மூன்று பெண் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பத்துப் பதினொரு வயது இருக்கும். ஒரு சுற்று முடிந்து இறங்கியதும் ஓடிப்போய் மறுபடி வரிசையில் நின்றார்கள். இரண்டாவது சுற்றில் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள், அப்படி விழுந்தபோது கூடை வேகமாகச் சுழன்றதைக் கவனித்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் வேண்டுமென்றே விழுந்தார்கள். நான்காவதில் நடுவில் இருந்தவள் கையைத் தூக்கி, "இப்ப!" என்று கத்த, மூவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். பலகையில் ஐந்தாம் எண் இரண்டு புள்ளி ஒன்று ஆனது. இரண்டு புள்ளி இரண்டு. மூன்றாவது மேட்டில் கூடை தயங்கவில்லை.

அண்ணனின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. அவளும் பலகையை நெருங்கி நின்றாள். கணக்கு சரி என்று தெரியும். அறுபது பக்கமும் மனப்பாடம். ஆனாலும் மூன்று சின்னக் கழுத்துகள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தன. இரண்டு புள்ளி மூன்று நான்கு. இரண்டு புள்ளி மூன்று ஏழு. "இப்ப!" என்ற குரல் ஒவ்வொரு மேட்டிலும் சரியாக அவள் கணக்கிட்ட நொடியில் கேட்டது. கம்ப்யூட்டரும் அவளுமாகப் பதினாறு நாள் தேடிப் பிடித்த பாதையை அந்தப் பிள்ளைகள் நாற்பது நிமிஷத்தில் பிடித்திருந்தார்கள். இரண்டு புள்ளி மூன்று எட்டு. தட்டின் அடுத்த சுற்று, இரண்டு புள்ளி மூன்று எட்டு. அதற்கடுத்த சுற்றிலும் அதேதான். என்ன செய்தும் எண் அதற்கு மேல் நகரவில்லை.

"அந்த மேட்டை வெட்டாம இருந்திருந்தா..." என்றான் அண்ணன். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

தட்டு நின்றதும் பிள்ளைகள் தள்ளாடித் தள்ளாடி இறங்கி வந்தார்கள். நடுவில் இருந்தவள், சத்தம் போட்டவள், நேரே கம்பியைப் பிடித்திருந்தவனிடம் வந்து நின்றாள். முகத்தில் பெரிய ஏமாற்றம்.

"இதுக்கு மேல சுத்தாதா மாமா?"

அண்ணன் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தான்.

"சுத்தாதும்மா. நீங்க என்ன பண்ணாலும் சுத்தாது. என் தங்கச்சி கணக்குப் போட்டுப் பாத்துட்டா."

அந்தப் பிள்ளை கழுத்துப் பட்டையோடு நின்ற தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவாக நம்பினமாதிரி தெரியவில்லை.

"நாங்க பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு ஓடினாள். அங்கே நின்றபடியே மூவரும் தோளோடு தோள் சேர்த்து, ஒரு பக்கம், மறுபக்கம் என்று சாய்ந்து பழக ஆரம்பித்தார்கள்.